திரும்பி வரும் 25 வாட்

வானொலி அலைபரப்பிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே பொருத்தப்படும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று ஆன்டெனாவை நோக்கிச் செல்லும் திறன், மற்றொன்று அங்கிருந்து திரும்பி வரும் திறன். முதல் முள் 100 வாட் என்றும் இரண்டாவது முள் 25 வாட் என்றும் காட்டும்போது, அலைபரப்பி 100 வாட் கொடுக்கிறது, அதில் 25 வாட்டை ஆன்டெனா ஏற்க மறுக்கிறது, அது திரும்பி வந்து அலைபரப்பிக்குள்ளேயே வெப்பமாகி வீணாகிறது என்று பொருள் கொள்வது ஹாம் வானொலி ஆர்வலர்களிடம் மட்டுமன்றி மின்னணுவியல் படித்தவர்களிடமும் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். மீட்டர் காட்டும் இரண்டு எண்களும் சரியானவையே. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. அந்த நிலையில் அலைபரப்பி கொடுப்பது 75 வாட் மட்டுமே. கேபிளில் இழப்பு இல்லையென்றால், அந்த 75 வாட்டும் குறைவின்றி ஆன்டெனாவைச் சென்று சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் அந்த 25 வாட் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை அறிய, கேபிளுக்குள் ஆற்றல் எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு கடத்திகள் அருகருகே நீண்டு சென்று, அவற்றின் நீளம் அவற்றில் செல்லும் அலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வரும்போது, அந்த இணையைச் செலுத்துதடம் அல்லது டிரான்ஸ்மிஷன் லைன் என்பர். கேபிள் டிவி ஒயர் என்ற பெயரில் வீடுதோறும் நுழைந்துவிட்ட கோஆக்சியல் கேபிள் இதற்கு நல்ல உதாரணம்: நடுவில் ஒரு கம்பி, அதைச் சூழ்ந்து பாலிஎதிலீன், அதன்மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய உறை. மின்சாரம் உலோகத்தில் ஓடுவதால் ஆற்றலும் உலோகத்துக்குள்தான் ஓடுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மின்புலமும் காந்தப்புலமும் ஒருசேர நிலவும் வெளியில்தான் ஆற்றல் பாய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் ஹென்றி பாயின்டிங் 1884-இல் கணித வடிவில் நிறுவினார். பதினாறு வயதோடு பள்ளியை விட்டு, தந்தி இயக்குநராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பின்னர் வீட்டிலிருந்தே ஆய்வு செய்த ஆலிவர் ஹெவிசைட் தனிவழியில் அதே முடிவுக்கு வந்து, கம்பித்தடங்களில் அலைகள் செல்லும் விதத்தைக் கூறும் சமன்பாடுகளையும் அதே பத்தாண்டுகளில் வடித்துக் கொடுத்தார். ஆகவே கோஆக்சியல் கேபிளில் ஆற்றலின் பாதை செம்பு அன்று. செம்புக்கும் உறைக்கும் இடைப்பட்ட அந்த வெண்ணிற பாலிஎதிலீன்தான்.

பரவலாகப் பயன்படும் 50 ஓம் கேபிளில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறனும் 250 நானோஹென்றி மின்தூண்டலும் உண்டு. மின்தேக்குத்திறன் மின்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கும் தன்மை, மின்தூண்டல் காந்தப்புலத்தில் சேமிக்கும் தன்மை. இவ்விரண்டையும் பெருக்கிப் பெறும் எண்ணின் வர்க்கமூலம் அலையின் வேகத்தை முடிவு செய்கிறது. இந்தக் கேபிளில் அது நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர், அதாவது வெற்றிடத்தில் ஒளி செல்லும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மின்தூண்டலை மின்தேக்குத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 50 ஓம் கிடைக்கும். இதுவே கேபிளின் இயல்பு மின்மறுப்பு. ஓம் என்ற அலகில் சொல்லப்பட்டாலும் இது சூடாகும் மின்தடை அன்று, மல்டிமீட்டரை வைத்து அளந்தால் தென்படவும் செய்யாது. ஒரே திசையில் செல்லும் அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே எப்போதும் இருந்தாக வேண்டிய விகிதமே அது. அந்த விகிதம் காக்கப்படும்வரை அலையின் ஆற்றலில் சரிபாதி மின்புலத்திலும் சரிபாதி காந்தப்புலத்திலும் இருக்கும்.

இத்தகைய கேபிளில் 100 மீட்டர் எடுத்துக்கொண்டு, ஒரு முனையில் 50 ஓம் உள்மின்மறுப்பு உடைய 100 மெகாஹெர்ட்ஸ் அலைபரப்பியையும், மறுமுனையில் 150 ஓம் சுமையையும் இணைத்ததாகக் கொள்ளலாம். கேபிளில் இழப்பே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். நடைமுறையில் மெல்லிய 50 ஓம் கேபிளில் இந்த அதிர்வெண்ணில் 100 மீட்டர் தூரம் சென்றால் ஆற்றலின் பெரும்பகுதி சூடாகவே கரைந்துவிடும் என்பது வேறு விஷயம். அலைபரப்பியை இயக்கியதும் அதற்குத் தெரிவது கேபிளின் 50 ஓம் மட்டுமே, மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. எனவே அது 100 வாட் கொடுக்கத் தொடங்குகிறது. அலை மறுமுனையை அடைய அரை மைக்ரோ நொடி ஆகிறது. அதற்குள் கேபிளில் 50 மைக்ரோ ஜூல் ஆற்றல் புகுந்திருக்கும். சுமையைத் தொட்ட இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது: அலை கொண்டுவரும் விகிதம் 50, சுமை கேட்கும் விகிதம் 150. ஒரே ஓர் அலையால் இரண்டையும் நிறைவு செய்ய இயலாததால், வந்த மின்னழுத்தத்தில் பாதி அளவுள்ள மற்றோர் அலை அங்கே பிறந்து திரும்பிச் செல்கிறது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதி மின்னழுத்தம் கால் பங்கு திறனாகிறது. சுமை 75 வாட் பெறுகிறது, 25 வாட் திரும்புகிறது. திரும்பும் அலை அலைபரப்பியை வந்தடைய மேலும் அரை மைக்ரோ நொடி.

இந்த முதல் ஒரு மைக்ரோ நொடியின் கணக்கில்தான் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இருக்கிறது. அலைபரப்பி கொடுத்தது 100 மைக்ரோ ஜூல். சுமை பிந்தைய அரை மைக்ரோ நொடியில் மட்டும் பெற்றது 37.5 மைக்ரோ ஜூல். எஞ்சிய 62.5 மைக்ரோ ஜூல் கேபிளில் தங்கியிருக்கிறது. அதில் 50 முன்செல்லும் அலைக்குரியது, 12.5 திரும்பும் அலைக்குரியது. அதன்பின் அலைபரப்பி உணரும் மின்மறுப்பு மாறிவிடுகிறது, அது கொடுக்கும் திறன் 75 வாட்டாகக் குறைகிறது, சுமை அதே 75 வாட்டைப் பெறுகிறது, 62.5 மைக்ரோ ஜூல் இருப்பு கூடாமலும் குறையாமலும் அப்படியே நிற்கிறது. மணிக்கணக்கில் அலைபரப்பி இயங்கினாலும் மீட்டர் காட்டும் 25 வாட்டுக்காக அது புதிதாக எதையும் கொடுப்பதில்லை. இயக்கிய முதல் மைக்ரோ நொடியில் நிரப்பப்பட்ட இருப்பே இரு திசையிலும் செல்லும் அலைகளாக மீட்டருக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

அந்த இருப்பு கேபிளுக்குள் எவ்வாறு பரவியிருக்கிறது என்பது இன்னும் சுவையானது. இதைத் தெளிவாகக் காண, சுமையே இல்லாமல் திறந்து விடப்பட்ட கேபிளை முதலில் கருதுவது நல்லது. அங்கே வந்த அலை முழுவதுமாகத் திரும்புகிறது. எதிரெதிராகச் செல்லும் இரு சம அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, இடம்பெயராமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் நிலை அலையை உருவாக்குகின்றன. சில புள்ளிகளில் மின்னழுத்தம் எப்போதும் சுழி, அவை கணுக்கள். அவற்றுக்கு நடுவே அது உச்சம் தொடும் இடங்கள் எதிர்க்கணுக்கள். ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1888-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி அலைகளைத் திருப்பியடித்து, காற்றில் இத்தகைய நிலை அலைகளைக் கண்டறிந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் லெச்சர் இணையான இரு கம்பிகளின்மேல் அதையே எளிதாக்கிக் காட்டினார். வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கம்பிகளின் குறுக்கே வைத்து நகர்த்திச் சென்றால், அது எதிர்க்கணுக்களில் ஒளிர்ந்து கணுக்களில் அணைந்துவிடும். அடுத்தடுத்த இரு ஒளிர்வுகளுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளத்தில் பாதி. அதிர்வெண்ணை நேரடியாக எண்ணும் கருவிகள் வரும்வரை அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அலைநீளத்தை அளக்கப் பல ஆய்வகங்கள் இந்த லெச்சர் கம்பிகளைத்தான் நம்பியிருந்தன.

மின்னழுத்தக் கணு இருக்கும் இடத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும், மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் மின்னோட்டம் சுழி. ஒரு புள்ளியைக் கடந்து செல்லும் திறன், அங்குள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. எனவே இவ்விரு வகைப் புள்ளிகளிலும் பெருக்குத்தொகை எந்தக் கணத்திலும் சுழிதான். ஒரு துளி ஆற்றல்கூட அவற்றைத் தாண்டுவதில்லை. ஆக, நிலை அலை நிற்கும் கேபிள், கால் அலைநீளத்துக்கு ஒன்றாக அடைபட்ட அறைகளாகப் பிரிந்துவிடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் நம் கேபிளின் அலைநீளம் 2 மீட்டர் என்பதால் ஓர் அறையின் நீளம் 50 சென்டிமீட்டர். ஒவ்வோர் அறைக்குள்ளும் உள்ள ஆற்றலின் மொத்த அளவு மாறுவதில்லை, ஆனால் அதன் வடிவும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கணத்தில் அது முழுவதும் மின்புலமாக, மின்னழுத்தம் உச்சமாக உள்ள சுவரை ஒட்டித் திரண்டிருக்கும். கால் சுழற்சி கழித்து, அதாவது 2.5 நானோ நொடியில், கேபிளில் எங்குமே மின்னழுத்தம் இல்லாமல் போய், ஆற்றல் முழுவதும் காந்தப்புலமாக எதிர்ச்சுவரை ஒட்டித் திரண்டிருக்கும். உயரத்தில் ஒரு கணம் நின்றும், தாழ்வில் வேகமாகப் பாய்ந்தும் செல்லும் ஊஞ்சலில் நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் மாறி மாறி வருவதைப் போன்றதே இது. மின்னழுத்தம் எங்கும் சுழியாகும் அந்தக் கணத்தில் ஆற்றல் மறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள், அந்தக் கணத்தில் மின்னோட்டம் எவ்வளவு என்று பார்க்க மறந்தவர்கள்.

அலைகள் படியும்போது ஆற்றல் கூடுவதோ குறைவதோ இல்லை என்பதை இரண்டு குறுந்துடிப்புகளை மோதவிட்டும் பார்க்கலாம். ஒரே உயரமுள்ள இரு துடிப்புகள் கேபிளின் நடுவில் எதிரெதிராகச் சந்திக்கும்போது, அவை முழுவதும் படிந்த பகுதியில் மின்னழுத்தம் இருமடங்காகிறது, மின்னோட்டங்கள் எதிர்த்திசையில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மின்னழுத்தம் இருமடங்கானால் மின்புல ஆற்றல் நான்கு மடங்கு. ஒரு துடிப்பில் அது பாதிதான் என்பதால், நான்கு பாதிகள் சேர்ந்து இரண்டு துடிப்புகளின் மொத்த ஆற்றலுக்குச் சரியாக வந்துவிடுகிறது. காந்தப்புலத்தில் இருந்தது முழுவதும் அந்தக் கணத்துக்கு மின்புலமாக மாறியிருக்கிறது, அவ்வளவே. பிறகு துடிப்புகள் எதுவும் நடக்காததுபோல் தத்தம் வழியே செல்கின்றன.

இனி 150 ஓம் சுமைக்குத் திரும்பலாம். இங்கே திரும்பும் அலை முன்செல்லும் அலையில் பாதி என்பதால் மின்னழுத்தம் எங்கும் முற்றிலும் சுழியாவதில்லை. முன்செல்லும் அலையின் 70.7 வோல்ட்டும் திரும்பும் அலையின் 35.4 வோல்ட்டும் சில இடங்களில் கூடி 106 வோல்ட்டாகின்றன, சில இடங்களில் கழிந்து 35.4 வோல்ட்டாகின்றன. பெரியதைச் சிறியதால் வகுத்துக் கிடைக்கும் 3 என்ற எண்ணே நிலை அலை விகிதம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். அறைச் சுவர்கள் இப்போது முழுமையாக அடைபட்டிருக்கவில்லை. ஆற்றலில் ஒரு பகுதி முன்னும் பின்னுமாக அலைய, மீதி சுமையை நோக்கி நகர்கிறது. எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். கேபிளில் மீட்டருக்குச் சராசரியாக 0.625 மைக்ரோ ஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 75 வாட் கடக்கிறது. எனவே ஆற்றலின் சராசரி வேகம் நொடிக்கு 1.2 லட்சம் கிலோமீட்டர். அலைகள் இரண்டும் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் ஆற்றல் அதில் அறுபது சதவீத வேகத்தில்தான் நகர்கிறது. திருப்பம் முழுமையாகும்போது இந்த வேகம் சுழியாகிறது, பொருத்தம் முழுமையாகும்போது அலையின் வேகத்தையே எட்டுகிறது.

திரும்பும் 25 வாட் அலைபரப்பிக்குள் வெப்பமாகிறது என்ற நம்பிக்கையை இந்த எண்களை வைத்தே சோதித்துவிடலாம். 100 மீட்டர் என்பது சரியாக 50 அலைநீளங்கள் என்பதால், மறுமுனையின் 150 ஓம் அலைபரப்பிக்கும் 150 ஓமாகவே தெரிகிறது. அந்த நிலையில் அலைபரப்பியின் 50 ஓம் உள்மின்மறுப்பில் வெப்பமாவது 25 வாட். ஆகா, 25 சரியாக வந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு முன், கேபிளில் 50 சென்டிமீட்டரை வெட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். கால் அலைநீளம் குறைந்ததால் சுமை இப்போது 16.7 ஓமாகத் தெரிகிறது. மீட்டர் அதே 100 வாட்டையும் அதே 25 வாட்டையும் காட்டுகிறது, சுமையும் அதே 75 வாட்டைப் பெறுகிறது. ஆனால் உள்ளே வெப்பமாவது 225 வாட். இன்னும் ஒன்று: 50 ஓம் சுமையை இணைத்து, திரும்பும் அலையே இல்லாமல் செய்தால் உள்ளே வெப்பமாவது 100 வாட். அதாவது 25 வாட் திரும்பியபோது வெப்பம் ஒரு முறை 100-லிருந்து 25-ஆகக் குறைந்தது, இன்னொரு முறை 225-ஆகக் கூடியது. திரும்பும் திறனுக்கும் உள்வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அலைபரப்பி எந்த மின்மறுப்பைக் காண்கிறது, அதனால் அதன் உள்ளே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதே வெப்பத்தை முடிவு செய்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர் உயரும்போது இன்றைய டிரான்சிஸ்டர் அலைபரப்பிகள் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்வதும் தம் டிரான்சிஸ்டர்கள் தாங்கக்கூடிய மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மீறிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது இரண்டு ஆற்றல் ஓட்டங்களைத் தனித்தனியே பிடித்து அளப்பதும் இல்லை. தன்னிடத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எடுத்து, 50 ஓம் விகிதத்தில் அவற்றைக் கூட்டி ஓர் எண்ணையும் கழித்து மற்றோர் எண்ணையும் அது தருகிறது. கேபிளே இல்லாமல் 150 ஓம் சுமையை நேராக மீட்டரின் பின்னால் இணைத்தாலும் அது 100, 25 என்றே காட்டும். இதைக் கொண்டு திரும்பும் அலையே கற்பனை என்று சொல்லிவிடுவோரும் உண்டு; அது மறுகோடிக்குப் போவதாகும். நிலத்தடிக் கேபிளில் பழுது எங்கே என்று அறிய ஒரு குறுந்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைப் பொறியாளர்கள் அளக்கிறார்கள். இதே 50 ஓம் கேபிளில் ஒரு மைக்ரோ நொடியில் துடிப்பு திரும்பினால் பழுது 100 மீட்டரில் இருக்கிறது. திரும்பும் அலை மெய்யானது. துடிப்பாகப் பிரிந்து வரும்போது அதன் ஆற்றலையும் தனியாகச் சுட்டிக்காட்ட முடியும். இடைவிடாத இரு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்போது மட்டும் நிகர ஓட்டம் ஒன்றுதான் இருக்கிறது.

அலைபரப்பிக்கும் கேபிளுக்கும் நடுவே டியூனர் என்னும் பொருத்தும் கருவியை வைக்கும்போது இது வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. டியூனர் அலைபரப்பிக்கு 50 ஓமைக் காட்டுவதால் அது முழு 100 வாட்டையும் கொடுக்கிறது. திரும்பும் அலையை டியூனர் மீண்டும் முன்னோக்கித் திருப்புகிறது. டியூனருக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் மீட்டரை வைத்தால் 133 வாட் முன்செல்வதாகவும் 33 வாட் திரும்புவதாகவும் காட்டும். 100 வாட் கருவியிலிருந்து 133 வாட் எப்படி வரும் என்ற திகைப்புக்கு இடமில்லை. கேபிளின் இருப்பு 83 மைக்ரோ ஜூலாகக் கூடியிருக்கிறது, நிகரம் 100 வாட்தான்.

உண்மையான கேபிளில் இழப்பு உண்டு என்பதால் நிலை அலைக்கு ஒரு விலையும் உண்டு. பொருத்தமான சுமையோடு 1 டெசிபல் இழப்புள்ள கேபிளில் 100 வாட் செலுத்தினால் 79 வாட் வந்து சேரும், எஸ்.டபிள்யூ.ஆர் 3 ஆகும்போது இழப்பு 1.5 டெசிபலாக உயர்ந்து, 71 வாட்தான் சேரும். இருப்பு பெரிதாக இருப்பதால் அதைச் சுமந்து நிற்கும் மின்னோட்டங்களும் பெரிது, அதனால் செம்பில் சூடும் அதிகம். இழப்பு மிகக் குறைந்த ஏணி வடிவத் திறந்த கம்பித்தடங்களில் எஸ்.டபிள்யூ.ஆர் 10 இருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதும் இதனால்தான். இழப்புள்ள கேபிள் திரும்பும் அலையையும் வழியிலேயே நலியச் செய்வதால், தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன பழைய கேபிள் அலைபரப்பி முனையில் மிக அழகான எஸ்.டபிள்யூ.ஆர் காட்டும், அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று நம்புவது ஆபத்து.

வானொலிக்கு மட்டும் உரியது போலத் தோன்றும் இந்த நிலை அலை, ஊர்தோறும் நிற்கும் உயரழுத்த மின்கோபுரங்களின் கம்பிகளிலும் இருக்கிறது. காற்றில் செல்லும் கம்பித்தடத்தில் அலை ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே செல்வதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் நீளமுள்ள 400 கிலோவோல்ட் லைன் ஒன்றின் மறுமுனையில் சுமை இல்லாதபோது, அது திறந்த கேபிளின் கடைசித் துண்டு போன்றது. திறந்த முனை மின்னழுத்தத்தின் எதிர்க்கணு என்பதால், அங்கே மின்னழுத்தம் அனுப்பும் முனையைவிட 5 சதவீதம் உயர்ந்து 420 கிலோவோல்ட்டைத் தொடுகிறது. இந்திய மின்தொகுப்பில் 400 கிலோவோல்ட் அமைப்புக்கு உள்ள உச்ச வரம்பும் அதுவே. லண்டனின் டெப்ட்ஃபோர்ட் மின்நிலையத்திலிருந்து 10,000 வோல்ட் கேபிள்களை இட்ட ஃபெரான்டி 1890 வாக்கில் இந்த உயர்வைச் சந்தித்ததால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. லைன் சுமார் 500 மெகாவாட் சுமக்கும்போது சுமை அதன் இயல்பு மின்மறுப்போடு பொருந்தி, திரும்பும் அலை மறைந்து, மின்னழுத்தம் நெடுகச் சமமாகிறது. நள்ளிரவில் தேவை குறையும்போது மின்னழுத்தம் ஏறத் தொடங்குவதால், துணைமின்நிலையங்களில் ரியாக்டர் எனப்படும் பெரிய சுருள்கள் இணைக்கப்படுகின்றன. கம்பிகளின் மின்புலத்தில் மிகுதியாகத் தேங்கும் ஆற்றலை அவை காந்தப்புலமாக வாங்கி, சுழற்சிதோறும் திருப்பிக் கொடுத்துச் சமன் செய்கின்றன.

லைனின் நீளம் கால் அலைநீளமான 1,500 கிலோமீட்டரை நெருங்கும்போது திறந்த முனையின் மின்னழுத்தம், இழப்பு இல்லாத கணக்கின்படி, எல்லையின்றி உயர்ந்துவிடும். சத்தீஸ்கரின் ராய்கர் முதல் தமிழ்நாட்டின் புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டர் தூரத்துக்கு 6,000 மெகாவாட்டைக் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் லைன் நேர்மின்சாரத்தில் இயங்குவதற்குள்ள பல காரணங்களுள் இந்த இடர் அங்கே இல்லை என்பதும் ஒன்று. நேர்மின்சாரத்தில் நிலை அலை இல்லை. ஆனால் மின்னல் தாக்கினாலோ கம்பி அறுந்தாலோ அந்தக் கணத்தில் பிறக்கும் அலை இரு முனைகளையும் நோக்கி ஓடத்தான் செய்யும், இத்தகைய நெடுந்தொலைவு லைன்களில் அது இரு முனைகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே பழுது எந்தக் கோபுரத்தின் அருகே என்று கணிக்கிறார்கள்.